திருச்செந்தூர்ல சட்டையைக் கழட்ட முடியல டாக்டர்

போன இதழ்ல ஒரு தம்பி எழுதின நாலு வரி லெட்டரைப் போட்டிருந்தோம், "எனக்கு நெஞ்சு பொம்பளைங்களுக்கு இருக்கற மாதிரி இருக்கு, யார்கிட்ட காட்டணும்னு கூடத் தெரியல"ன்னு. அதுக்கு நான் சுருக்கமா, பயப்படாதீங்க, இதுக்கு கைனகோமாஸ்டியான்னு பேரு, ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட காட்டுங்கன்னு மட்டும் சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல இதே விஷயம் தான். எல்லாருமே கடைசில பேர் போடாதீங்கன்னு எழுதியிருக்காங்க. பேர் போடல. ஊர் மட்டும் தான். இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிடலாம்னு ஆசிரியர்கிட்ட கேட்டேன், சரின்னுட்டார்.

கேள்வி: எனக்கு 24 வயசு. எட்டாவது படிக்கறப்ப இருந்தே ரெண்டு பக்கமும் நெஞ்சு தூக்கிட்டு இருக்கு. போன மாசம் குடும்பத்தோட திருச்செந்தூர் போனோம், உள்ள போகணும்னா ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும்ல, நான் வயித்து வலின்னு பொய் சொல்லிட்டு வெளியவே கடல் பக்கம் உக்காந்துட்டேன். அம்மாவுக்கு இன்னும் அந்த வருத்தம் போகல. ஒன்றரை வருஷம் ஜிம் போயி 9 கிலோ குறைச்சேன், இது மட்டும் அப்படியே இருக்கு. இது கொழுப்பா, வேற எதாவதா டாக்டர்? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். என்கிட்ட வர்ற பசங்க பாதிப் பேர் இதே மாதிரி தான், வெள்ளைச் சட்டை போட மாட்டாங்க, போட்டா உள்ள ரெண்டு பனியன், பம்ப்செட்ல குளிக்கக் கூப்பிட்டா வர மாட்டாங்க, பத்து வருஷமா தோளை முன்னாடி வளைச்சே நடந்து நடந்து முதுகே கூன் விழுந்த மாதிரி ஆயிருக்கும். அதனால நீங்க தனி ஆள் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஆம்பளைங்க எல்லாருக்குமே காம்புக்குப் பின்னாடி கொஞ்சூண்டு மார்புச் சுரப்பி இருக்கும். ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் அதை வளரச் சொல்லும், டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் வளராதேன்னு பிடிச்சு வைக்கும், இந்த ரெண்டும் எல்லா ஆம்பளை உடம்புலயும் இருக்கு, தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்சா சுரப்பி வளர ஆரம்பிச்சிடும். வளர்ந்த புதுசுல அது சாஃப்டா இருக்கும், தொட்டா வலிக்கும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் தாண்டிட்டா நார் நாரா இறுகிடும். இறுகினதை மாத்திரையும் கரைக்காது, ட்ரெட்மில்லும் கரைக்காது. 9 கிலோ குறைச்சும் அது போகாததுக்குக் காரணம் இது தான், நீங்க சோம்பேறியா இருந்துட்டீங்கன்னு இல்ல. சொல்லப்போனா பெஞ்ச் பிரஸ் நிறைய பண்ணினா கீழ இருக்கற தசை வளர்ந்து மேல இருக்கற சுரப்பியை இன்னும் வெளிய தள்ளிக் காட்டும், பல பேர் ஜிம்முக்குப் போனப்புறம் தான் ஜாஸ்தியா தெரியுதுன்னு வந்து சொல்லுவாங்க.

வீட்லயே ஒண்ணு பாக்கலாம். மல்லாக்கப் படுத்துக்கங்க, ஒரு கையைத் தலைக்குப் பின்னாடி வச்சுட்டு, இன்னொரு கையோட கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மார்போட ரெண்டு ஓரத்துல வச்சு மெதுவா காம்பை நோக்கிக் கொண்டு வாங்க. வெறும் கொழுப்புன்னா விரல் ரெண்டும் எதுலயும் தட்டாம காம்பு வரைக்கும் வந்துடும். சுரப்பின்னா காம்புக்கு அடியில ரப்பர் வில்லை மாதிரி ஒண்ணு தட்டுப்படும், லேசா நகரும். ரொம்பப் பேருக்கு ரெண்டும் கலந்து தான் இருக்கும்.

ஆனா ஆபரேஷன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி தராசு ஏன் சாஞ்சதுன்னு ஒரு தடவை பாத்தே ஆகணும். எட்டாவது படிக்கறப்ப வந்துட்டு அப்படியே நின்னு போனதுன்னா பெரும்பாலும் வயசுக்கு வர்ற காலத்து மிச்சம் தான், அதுக்காக பாக்காம விட முடியாது. நல்ல டாக்டர் உங்க நெஞ்சைப் பாக்கறதோட விட மாட்டாரு, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேப்பாரு, கழுத்துல தைராய்டைத் தொட்டுப் பாப்பாரு, விதைப்பையையும் பாப்பாரு. அதுக்கு வெக்கப்படாதீங்க, விதையில சின்னக் கட்டி இருந்து அது வெளிய தெரியறதே நெஞ்சு வழியா தான்னு அபூர்வமா நடக்கும், அதைத் தவற விடக் கூடாது. தேவைப்பட்டா டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடயால், எல்எச், எச்சிஜி, புரோலாக்டின்னு ஹார்மோன் டெஸ்ட், அதோட தைராய்டு, லிவர், கிட்னி ரத்த டெஸ்ட் எழுதுவாங்க, அல்ட்ராசவுண்டும் எடுப்பாங்க. எல்லாருக்கும் எல்லாமும் வேண்டியதில்ல. ஆனா எதுவுமே கேக்காம, தொட்டுக்கூடப் பாக்காம, போன்ல போட்டோ அனுப்புங்க நாளைக்கே பண்ணிடலாம்னு சொல்ற இடத்துக்கு மட்டும் போகாதீங்க.

ஒண்ணு கூட சொல்லணும். இது ஏதோ இந்தக் காலத்து சாப்பாட்டால வந்த புது வியாதின்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. கைனகோமாஸ்டியாங்கற பேரை வச்சதே கி.பி. 2ஆம் நூற்றாண்டுல இருந்த கேலன்ங்கற கிரேக்க வைத்தியர். 7ஆம் நூற்றாண்டுல ஏஜினா தீவுக்காரர் பால்னு ஒரு வைத்தியர், ஆம்பளைங்க மார்புக்குக் கீழ பிறை மாதிரி கீறி உள்ள இருக்கறதை எடுத்துத் தைக்கற முறையை எழுதி வச்சிருக்கார். மயக்க மருந்து இல்லாத காலத்துல அந்த வலியைத் தாங்கிட்டு ஒருத்தன் படுத்திருக்கான்னா அவன் மனசுல எவ்வளவு பாரம் இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இதை அழகுக்கு ஆசைப்படறதுன்னு சொல்றவங்ககிட்ட நான் இதைத் தான் சொல்லுவேன்.

கேள்வி: என் பையனுக்கு 13 முடிஞ்சு 14 நடக்குது. இடது பக்கம் காம்புக்குக் கீழ கட்டி மாதிரி இருக்கு, சட்டை உரசினாலே வலிக்குதுங்கறான். பிராய்லர் கோழி சாப்பிட்டதால தான்னு என் மாமியார் சொல்றாங்க, நிறுத்திட்டேன். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிட்டா நல்லதா? பி.டி. பீரியட்ல பசங்க கேலி பண்றாங்களாம். (வாசகி, கரூர்)

பதில்: அம்மா, இப்ப ஆபரேஷன் வேண்டாம். இந்த வயசுல பசங்கள்ல பாதிப் பேருக்காவது இது கொஞ்சமாச்சும் வரும், சில பேருக்கு ஒரு பக்கம் மட்டும், சில பேருக்கு ரெண்டு பக்கமும். உடம்பு பெரிய ஆளா மாறறப்ப ஹார்மோன் தராசு கொஞ்ச நாள் தள்ளாடும், அவ்வளவு தான். பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து 2 வருஷத்துக்குள்ள தானா அடங்கிடும். அடங்கப் போறதைப் போயி அறுத்து எடுத்து, பையனுக்குத் தழும்பைக் குடுத்து, ஹார்மோன் இன்னும் நிக்காததால அது திரும்ப வளர்ந்து, ரெண்டாவது தடவை மேஜைல படுக்க வைக்கறதுக்கு எந்த அவசியமும் இல்ல.

கோழி பத்தி உங்க மாமியார் மட்டும் இல்ல, ஊரே அப்படித் தான் நம்புது. பிராய்லர் சீக்கிரம் வளர்றது ஊசியால இல்ல, அப்படி வளர்ற கோழியாப் பாத்துப் பாத்து தலைமுறை தலைமுறையா இனம் சேர்த்து, அதுக்குன்னு தீவனம் போட்டு வளர்க்கறாங்க. உங்க பையனுக்கு வந்ததுக்குக் கோழி காரணம் இல்ல. வளர்ற பையன், முட்டையும் கறியும் குடுங்க. வெயிட் ஜாஸ்தியா இருந்தா பொரிச்சதைக் குறைங்க, அது வேற விஷயம்.

சும்மா விடக் கூடாத இடமும் இருக்கு. வயசுக்கு வர்ற அடையாளம் எதுவுமே வராத சின்னப் பையனுக்கு மார்பு வளர்ந்தா, ரொம்ப வேகமா பெருசானா, ரெண்டு வருஷம் தாண்டியும் குறையலைன்னா, இல்ல பையன் வயசுக்கு மீறி உயரமா, கை கால் நீளமா இருந்து விதை மட்டும் சின்னதாவே இருந்தா குழந்தைங்க டாக்டரையோ, எண்டோகிரைன் டாக்டரையோ, அதாவது ஹார்மோன் டாக்டரையோ பாக்கணும். கிளைன்ஃபெல்டர்னு ஒண்ணு இருக்கு, எக்ஸ் குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருக்கறது, அதைச் சீக்கிரம் கண்டுபிடிச்சா பையனுக்கு நிறைய உதவி பண்ணலாம்.

கேலிக்கு மட்டும் மருந்து உங்ககிட்ட தான் இருக்கு. அவன்கிட்ட "உங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இது இருக்குடா, வெளிய சொல்லலை, அவ்வளவு தான்"னு ஒரு தடவை சொல்லுங்க, முடிஞ்சா அவங்க அப்பா சொல்லட்டும். பி.டி. சாரைத் தனியாப் பாத்துப் பேசுங்க. கொஞ்சம் லூசான, கனமான பனியன் வாங்கிக் குடுங்க. உறவுக்காரங்க முன்னாடி சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீங்க, நிறைய வீட்ல நல்ல எண்ணத்துல தான் பண்றாங்க, ஆனா பையன் அதை முப்பது வயசு வரைக்கும் மறக்க மாட்டான்.

கேள்வி: வயசு 63. இதயம் வீக்கா இருக்குன்னு ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடறேன், அதுல நீர் பிரியற மாத்திரையும் உண்டு. நாலு மாசமா ரெண்டு மார்பும் வீங்கி வலிக்குது. பேரன் பேத்தி எடுத்த வயசுல இதைக் காட்டவே கூச்சமா இருக்கு. மாத்திரையை நிறுத்திடலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஐயா, நிறுத்திடாதீங்க. அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க, ஸ்பைரோனோலாக்டோன்னு போட்டிருந்தா காரணம் அனேகமா அதுவா தான் இருக்கும், இதயத்துக்கும் லிவருக்கும் ரொம்ப நல்ல மருந்து, ஆனா டெஸ்டோஸ்டிரோனோட வேலையைத் தடுக்கும், அதனால மார்பு வீங்கறது அதோட தெரிஞ்ச பக்க விளைவு. அட்டையோட உங்க இதய டாக்டர்கிட்டயே போங்க, எப்ளிரினோன்னு அதே குடும்பத்து மருந்து ஒண்ணு இருக்கு, அதுல இந்தத் தொந்தரவு ரொம்பக் கம்மி, மாத்தலாமான்னு அவர் முடிவு பண்ணட்டும். புரோஸ்டேட்டுக்குக் குடுக்கற ஃபினாஸ்டிரைட், டூட்டாஸ்டிரைட், மன நோய்க்குக் குடுக்கற ரிஸ்பெரிடோன், பூஞ்சைக்குக் குடுக்கற கீட்டோகோனசோல் மாத்திரை இதெல்லாமும் இப்படிப் பண்ணும். முடி கொட்டுதுன்னு ஃபினாஸ்டிரைட் போடற பசங்களும் இதைக் கவனிங்க. தினம் குடிச்சு லிவர் கெட்டவங்களுக்கும் வரும். அட்டையில என்ன இருக்குன்னே போடாத லேகியம், சூரணம் எதாவது சாப்பிட்டா அதையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லணும்.

உங்களுக்கு ரெண்டு பக்கமும் வலியோட வந்திருக்கு, அது பெரும்பாலும் சாதாரணம் தான். இதே வயசுல ஒரு பக்கம் மட்டும், வலியே இல்லாம, கல்லு மாதிரி, காம்புக்கு நேரா இல்லாம தள்ளி ஒரு கட்டி இருந்தா, இல்ல காம்பு உள்ள இழுத்துக்கிட்டா, ரத்தம் மாதிரி கசிஞ்சா, அக்குள்ல நெறி கட்டினா ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க. மார்பகப் புற்று ஆம்பளைங்களுக்கும் வரும். மொத்தத்துல நூத்துல ஒண்ணு தான் ஆம்பளைங்களுக்குன்னாலும், நம்ம ஆளுங்க கூச்சப்பட்டுக்கிட்டு லேட்டா வந்துடறாங்க. மேமோகிராம்ங்கற மார்பு எக்ஸ்ரே நமக்கும் எடுப்பாங்க ஐயா, பேரன் பேத்திக்காகவாவது காட்டிடுங்க.

கேள்வி: ஜிம்ல ஒரு அண்ணன் சொன்னாருன்னு பாடி ஏத்தற டெஸ்டோஸ்டிரோன் ஊசி ரெண்டு சைக்கிள், அதாவது ரெண்டு சுத்து போட்டேன். பாடி நல்லா வந்துச்சு, இப்ப காம்பு மட்டும் கூம்பு மாதிரி நிக்குது, டி-சர்ட்ல தெரியுது. ஆபரேஷன் பண்ணிட்டு காம்படிஷனுக்காகத் திரும்ப சைக்கிள் போடலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: போடக் கூடாது தம்பி. வெளிய இருந்து அவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் உள்ள போனா உடம்பு அதுல ஒரு பங்கை அரோமடேஸ்ங்கற என்சைமை வச்சு ஈஸ்ட்ரோஜனா மாத்திடும், அதான் காம்பு நிக்குது. அதே சமயம் உங்க விதை தன் வேலையை நிறுத்திடும், சைக்கிளை விட்டப்புறம் அது திரும்ப எழுந்திரிக்க மாசக் கணக்குல ஆகும், குழந்தைக்கே பிரச்சினை ஆன பசங்களையும் பாத்திருக்கேன். முதல்ல ஊசியை நிறுத்துங்க, எண்டோகிரைன் டாக்டரைப் பாருங்க, ரத்தத்துல ஹார்மோன் நிலைக்கு வந்தப்புறம் சர்ஜரி. ஆபரேஷன் பண்ணிட்டு திரும்ப ஊசி போட்டா மிச்சம் இருக்கற துளி சுரப்பி திரும்ப வளரும். தமாக்ஸிஃபென்ங்கற, மார்புல ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கற மாத்திரையை வாங்கி நானே போட்டுக்கறேன்னு அடுத்த வரில எழுதியிருக்கீங்க, அது வலியோட இருக்கற ஆரம்ப நிலையில டாக்டர் பாத்துக் குடுக்கற மருந்து, ரத்தக் கட்டு வரைக்கும் பக்க விளைவு உண்டு, மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டுக்கறது இல்ல.

கேள்வி: டெஸ்ட் எல்லாம் நார்மல். ரெண்டு டாக்டர் பாத்துட்டு சர்ஜரி பண்ணலாம்னு சொல்லிட்டாங்க. வயசு 27, டெலிவரி வேலை, பைக்ல தான் நாள் பூரா. அன்னைக்கு என்ன நடக்கும், எவ்வளவு வலிக்கும், எப்ப வேலைக்குப் போகலாம்னு ஒண்ணு விடாம சொல்லுங்க டாக்டர், யூட்யூப் பாத்துப் பாத்து பயம் தான் ஜாஸ்தி ஆகுது. (வாசகர், சென்னை ஆவடி)

பதில்: ஒண்ணு விடாம சொல்றேன். சிகரெட் இருந்தா நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும், பேச்சுக்கு இல்ல, நெஜமாவே நிறுத்தணும், புகை ரத்த ஓட்டத்தைக் குறைச்சா காம்புத் தோல் கருகற ஆபத்து இருக்கு. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கற மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்னாடியே சொல்லிடுங்க. முந்தின நாள் ராத்திரில இருந்து அவங்க சொல்ற நேரத்துக்கு மேல தண்ணி கூடக் கூடாது.

அன்னைக்குக் காலைல உங்களை நிக்க வச்சு நெஞ்சுல பேனாவால கோடு போடுவாங்க, படுத்தா மார்பு பக்கவாட்டுல சரிஞ்சிடும், அதனால நிக்கறப்ப தான் எது எவ்வளவு எடுக்கணும்னு தெரியும். அப்புறம் மயக்கம். முழு மயக்கமும் குடுப்பாங்க, சில இடத்துல மரத்துப் போற ஊசியோட லேசான தூக்க மருந்தும் குடுப்பாங்க. எதுவா இருந்தாலும் மயக்க மருந்து டாக்டர்னு தனியா ஒருத்தர் உங்க தலைமாட்டுல ஆபரேஷன் முடியற வரைக்கும் இருக்கணும்.

முதல்ல நெஞ்சுக்குள்ள உப்புத் தண்ணி, மரக்கற மருந்து, அட்ரினலின் மூணும் கலந்த திரவத்தை ஏத்துவாங்க, அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கிடும், ரத்தம் ரொம்பக் கம்மியா தான் போகும். அப்புறம் அக்குள் ஓரத்துலயோ மார்புக்குக் கீழயோ சின்ன ஓட்டை போட்டு மெல்லிசான குழாயை விட்டு கொழுப்பை உறிஞ்சுவாங்க, அதான் லைப்போசக்‌ஷன். ஆனா சுரப்பி உறிஞ்சினா வராது, அது நார். அதுக்குக் காம்பைச் சுத்தி இருக்கற கருவட்டத்தோட கீழ் விளிம்புல அரை வட்டமா ஒரு கீறல். கருப்பும் வெள்ளையும் சேர்ற கோட்டுலயே கீறறதால தழும்பு அங்க மறைஞ்சிடும். 1946ல வெப்ஸ்டர்னு ஒரு சர்ஜன் எழுதின முறை, இன்னைக்கும் அது தான். அந்த வழியா சுரப்பியை வெளிய எடுப்பாங்க, வெள்ளையா ரப்பர் மாதிரி இருக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடக் கூடாது, காம்புக்கு அடியில ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மெத்தை மாதிரி விட்டு வைக்கணும், இல்லேன்னா காம்பு உள்ள ஒட்டிக்கிட்டு தட்டு மாதிரி குழி விழுந்துடும், அந்தக் குழியைச் சரி பண்றது முதல் ஆபரேஷனை விடக் கஷ்டம். அதனால "டாக்டர், கொஞ்சம் கூட விடாம எடுத்துடுங்க"ன்னு கேக்காதீங்க. எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்புறாங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க.

எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகும். கசியற ரத்தம் தேங்காம இருக்க சில பேருக்கு ரெண்டு பக்கமும் சின்ன டியூப் வைப்பாங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல எடுத்துடுவாங்க. அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

வலி? முதல் ரெண்டு மூணு நாள், ரொம்ப நாள் கழிச்சு புஷ்-அப் எடுத்த மறுநாள் நெஞ்சு எப்படி வலிக்குமோ அது மாதிரி, கொஞ்சம் ஜாஸ்தி, சாதாரண வலி மாத்திரைலயே அடங்கும். நெஞ்செல்லாம் கன்னிப் போயி நீலமும் மஞ்சளுமா இருக்கும், அது வயிறு வரைக்கும் இறங்கும், பாத்துட்டு அலறாதீங்க, ரெண்டு மூணு வாரத்துல போயிடும். முதல் 24 மணி நேரத்துல ஒண்ணே ஒண்ணு தான் கவனிக்கணும், திடீர்னு ஒரு பக்கம் மட்டும் பந்து மாதிரி உப்பி, கல்லாட்டம் இறுகி, வலி ஏறிக்கிட்டே போனா உள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் போன் பண்ணிட்டு கிளம்பிடணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது. காய்ச்சல், சீழ், சிவந்து போறது இதுவும் அப்படித் தான்.

அப்புறம் அந்த பிரஷர் பனியன். இறுக்கமா இருக்கும், நாலுல இருந்து ஆறு வாரம், முதல் ரெண்டு மூணு வாரம் குளிக்கற நேரம் தவிர ராவும் பகலும் போட்டிருக்கணும். தோல் உள்ள இருக்கற தசையோட ஒட்டிக்கறதுக்கும், நீர் தேங்காம இருக்கறதுக்கும் அது தான் உதவி. நம்ம ஊர் வெயிலுக்கு இது தான் ஆபரேஷனை விடப் பெரிய சோதனை, வேர்க்குரு வந்து, அரிச்சு, கழட்டி எறிஞ்சிடலாம்னு தோணும். அதனால முடிஞ்சா அக்னி நட்சத்திரத்துல வச்சுக்காதீங்க, கார்த்திகை மார்கழில பண்ணிக்கங்க. ரெண்டு செட் வாங்கிடுங்க, ஒண்ணைத் துவைச்சுப் போட்டுட்டு ஒண்ணு, உள்ள மெல்லிசா ஒரு காட்டன் துணி.

உக்காந்து பாக்கற வேலைன்னா ஒரு வாரத்துக்குள்ள போயிடலாம். உங்க வேலை அப்படி இல்ல. பைக் ஹேண்டில் பிடிச்சு குழில இறங்கி ஏறறப்ப நெஞ்சுத் தசை தான் வேலை செய்யும், அதனால குறைஞ்சது ரெண்டு மூணு வாரம் வண்டி வேண்டாம், முதுகுல பெட்டி மாட்டறதுக்கு நாலு வாரமாவது ஆகும், அந்த வருமானத்துக்கு முன்னாடியே வழி பண்ணிட்டு வாங்க. இதை யாரும் செலவுக் கணக்குல சேர்க்கறதே இல்ல. ஜிம்முல நெஞ்சுக்கான எக்சர்சைஸ் ஆறு வாரம் கழிச்சு. பஸ்ல மேல கம்பியைப் பிடிச்சுத் தொங்கறது, பீரோ நகர்த்தறது எல்லாம் அது வரைக்கும் வேண்டாம். மல்லாக்கப் படுங்க, ரெண்டு தலகாணி வச்சு.

ரெண்டாவது வாரம் கண்ணாடி முன்னாடி நின்னா மனசு உடைஞ்சிடும், "அப்படியே தானே இருக்கு, பணம் போச்சே"ன்னு தோணும். அது வீக்கம். நெஜமான வடிவம் தெரிய மூணு மாசம், முழுசா அடங்க ஆறு மாசம் ஆகும். காம்புல உணர்ச்சி கம்மியா இருக்கும், மெல்ல மெல்ல வரும், சில பேருக்குக் கொஞ்சம் கம்மியாவே நின்னுடறதும் உண்டு. ரெண்டு பக்கமும் அச்சு வார்த்த மாதிரி ஒண்ணா இருக்காது, இயற்கையாவே யாருக்கும் இல்ல. இதெல்லாம் தெரிஞ்சு வந்தவங்க தான் ஆறாவது மாசம் சந்தோஷமா இருக்காங்க.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? இன்ஷூரன்ஸ்ல வருமா? இன்ஸ்டாகிராம்ல ஒரு கிளினிக்ல பாதி ரேட்டுன்னு வந்துச்சு. (வாசகர், சேலம்)

பதில்: தனியார்ல ஊரையும் ஆஸ்பத்திரியையும் பொறுத்து 50 ஆயிரத்துல இருந்து ஒரு லட்சத்துக்கு மேலயும் ஆகும். பில்லுல மயக்க மருந்து டாக்டர், ரூம், டெஸ்ட், பனியன், பயாப்ஸி, திரும்ப டச்-அப் தேவைப்பட்டா அது, எல்லாம் சேர்ந்திருக்கான்னு எழுத்துல வாங்குங்க. இன்ஷூரன்ஸ் பாலிசில காஸ்மெட்டிக், பிளாஸ்டிக் சர்ஜரி கிடையாதுன்னு ஒரு விதிவிலக்கு இருக்கும், உடம்புக்கு நேரடி ஆபத்து இருக்குன்னு பாக்கற டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா தான் கணக்குல எடுப்பாங்க, அதனால கிடைக்காதுன்னு நினைச்சே பிளான் பண்ணுங்க. பணம் இல்லேன்னா மனசு விட வேண்டாம், சென்னைல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரைல ராஜாஜி ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கு, ஓ.பி. சீட்டு வாங்கிட்டுப் போயி காட்டுங்க. தீக்காயம், விபத்துன்னு அவசர கேஸ் முன்னாடி போகும், காத்திருக்கணும், ஆனா அங்க இருக்கறவங்க கை தேர்ந்தவங்க.

பாதி ரேட்டு பத்தி. 2016ல சென்னைல முடி நடற சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்தே போனார், டாக்டருக்குப் படிச்ச பையன், அவனுக்கே அப்படி. அதுல இருந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றது, கத்தி பிடிக்கற ஆள் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியோ, டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரியோ, அதாவது இதுக்குன்னே இருக்கற மேல்படிப்பு முடிச்சவரான்னு கேளுங்க. "காஸ்மெட்டாலஜிஸ்ட்"னு போர்டு இருந்தா அது சர்ஜன்னு அர்த்தம் இல்ல. அவசரம்னா ஆக்சிஜன், வென்டிலேட்டர் அங்கயே இருக்கான்னு கேளுங்க. கேட்டா கோபப்படற டாக்டர்கிட்ட பண்ணிக்காதீங்க.

கேள்வி: சர்ஜரி முடிஞ்சு 25 நாள். வலது காம்புக்கு அடியில திரும்பக் கட்டியா இருக்கு. திரும்ப வளர்ந்துடுச்சா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 25 நாள்ல வளராது தம்பி. உள்ள ஆறற தழும்பு தான் அது, மூணாவது வாரத்துல இருந்து கெட்டியாகும், அப்புறம் மூணு நாலு மாசத்துல இளகும். உங்க சர்ஜன் சரின்னு சொன்னப்புறம் தினம் அஞ்சு நிமிஷம் விரலால வட்டமா அழுத்தி மசாஜ் பண்ணுங்க. தண்ணிப் பை மாதிரி தளும்பினா மட்டும் நீர் தேங்கியிருக்கு, ஊசில உறிஞ்சி எடுத்துடுவாங்க.

கேள்வி: 118 கிலோ இருந்தேன், 41 கிலோ குறைச்சேன். இப்ப மார்புத் தோல் பை மாதிரி தொங்குது. தழும்பு இல்லாம சரி பண்ண முடியுமா? (வாசகர், மலேசியா ஈப்போ)

பதில்: 41 கிலோ! உங்க உழைப்புக்கு எந்திரிச்சு நின்னு கை குடுக்கணும். ஆனா உண்மையைச் சொல்லிடறேன், தழும்பு இல்லாம முடியாது. சைமன்னு ஒரு சர்ஜன் 1973ல இதைத் தரம் பிரிச்சு வச்சாரு, தோல் மிச்சமே இல்லாதது, கொஞ்சம் மிச்சம் இருக்கறது, பெண் மார்பு மாதிரி தொங்கறதுன்னு. உங்களோடது கடைசி வகை. தோலையும் வெட்டி எடுக்கணும், காம்பை மேல தூக்கி வைக்கணும், அப்ப மார்புக்குக் கீழ மடிப்புல நீளமாவோ, கருவட்டத்தைச் சுத்தியோ தழும்பு நிக்கும். நம்ம தோலுக்குத் தழும்பு தடிச்சு வளர்ற குணம் ஜாஸ்தி, காது குத்தின இடத்துல, அம்மை ஊசி போட்ட இடத்துல தடிச்சிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. எடை ஆறு மாசமாவது ஏறாம இறங்காம ஒரே இடத்துல நின்னப்புறம் பண்ணுங்க.

கேள்வி: எனக்கு நிச்சயம் ஆயிருக்கு, தை மாசம் கல்யாணம். அவர் போன வாரம் போன்ல ரொம்ப நேரம் தயங்கித் தயங்கி, எனக்கு இப்படி ஒண்ணு இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னு சொன்னாரு. எனக்கு இது ஒரு விஷயமாவே படல, பண்ணாதீங்கன்னு சொல்லவா? குழந்தை பிறக்கறதுல எதாவது சிக்கல் வருமா? வீட்ல யார்கிட்டயும் சொல்லலை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, அவர் இதை இதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பாரான்னு எனக்குச் சந்தேகம் தான். உங்களுக்கு இது விஷயமா படலைங்கறதை முதல்ல அவர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க, அவர் அதைக் கேக்கணும். ஆனா பண்ணாதீங்கன்னு சொல்லாதீங்க. உங்களுக்காகப் பண்றாருன்னா வேண்டாம்னு சொல்லலாம், அவர் பல வருஷமா கூனி நடந்தது அவருக்குத் தானே தெரியும், தனக்காகப் பண்ணிக்க நினைச்சா அது அவர் முடிவு.

குழந்தைக்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்ல, நெஞ்சுல இருந்து எடுக்கற சுரப்பிக்கும் விந்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வயசுக்கு வந்தப்ப வந்து நின்னு போன சாதாரண வகைன்னா அவரோட ஆண்மைல எந்தக் குறையும் இல்ல. முன்னாடி சொன்ன மாதிரி டாக்டர் விதைப்பையையும், தேவைப்பட்டா ஹார்மோனையும் பாத்துட்டாங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க, அதுல எதாவது தெரிஞ்சா அதுக்குத் தனியா வைத்தியம் இருக்கு.

நாள் தான் முக்கியம். தை மாசம்னா ஐப்பசி பிறக்கறதுக்குள்ளயாவது முடிச்சிடச் சொல்லுங்க, மூணு மாசம் இடைவெளி வேணும், முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கறப்ப வீக்கத்தோட மணமேடைல உக்காரக் கூடாது. உங்க பக்கத்துச் சடங்குல மாப்பிள்ளை வேட்டியோட மட்டும் உக்காரணும்னா அதையும் யோசிச்சுக்கங்க. அவர் வீட்ல சொல்லலைன்னா அன்னைக்குக் கூட இருக்க ஒரு ஃப்ரெண்டாவது வேணும், தனியா போகக் கூடாது, தனியா வரவும் கூடாது. முதல் வாரம் கையைத் தலைக்கு மேல தூக்கி டி-சர்ட் மாட்ட முடியாது, முன்னாடி பட்டன் வச்ச, ஒரு சைஸ் பெருசான சட்டை ரெண்டு வாங்கி நீங்களே அவருக்குக் குடுத்து விடுங்க.